பதினான்கு துப்பாக்கியும் ஒரு தட்டு கேசரியும்

என் மகளின் ஜாதகத்தோடு போன குறிப்பில், தந்தையின் தொழில் என்ற இடத்தில் என் மனைவி 'ஆயுதப் பராமரிப்பு' என்று எழுதியிருந்தாள். எனக்கு அது தெரியாது. மாப்பிள்ளையின் அப்பா போனில் முதல் கேள்வியாக, நீங்கள் எந்த ரெஜிமென்ட் என்று கேட்டபோதுதான் தெரிந்தது. ரெஜிமென்ட் எல்லாம் இல்லை, பெங்களூரில் ஹெப்பகோடி தாண்டி, நீலகிரித் தைலமரத் தோப்புக்குப் பின்னால் என்றேன். அந்தப் பக்கம் தாளைப் புரட்டும் சத்தம் கேட்டது.

போனை வைத்துவிட்டு மனைவியைக் கேட்டேன். பொய் ஒன்றும் எழுதவில்லையே என்றாள். அதுவும் சரிதான். நான் பராமரிப்பது ஆயுதம்தான். அது பிளாஸ்டிக் குண்டு சுடும் ஆயுதம் என்று எழுத அந்தக் கட்டத்தில் இடம் போதவில்லை என்பது அவள் வாதம்.

இருபத்திரண்டு வருஷம் ஒரு தொழிற்சாலையில் காற்றழுத்த இயந்திரங்களைப் பார்த்துக்கொண்டிருந்தேன். தொழிற்சாலை வேறு ஊருக்குப் போனது, நான் போகவில்லை. அப்புறம் கிடைத்ததுதான் இந்த ஏர்சாஃப்ட் மைதானத்து வேலை. ஐ.டி. கம்பெனிக்காரர்கள் கூட்டம் கூட்டமாக வந்து, முகமூடி மாட்டிக்கொண்டு, தகர டிரம்முக்கும் பழைய டயருக்கும் பின்னால் ஒளிந்து ஒருவரையொருவர் சுட்டுவிட்டுப் போவார்கள். இதற்கு அவர்கள் ஆபீசில் ஒற்றுமைப் பயிற்சி என்று பெயர். துப்பாக்கி பார்க்க அசல் மாதிரியே இருக்கும். உள்ளே இருப்பது ஒரு பேட்டரி, பிடிக்குள் ஒரு சின்ன மோட்டார், மூன்று பல்சக்கரம், ஒரு பிஸ்டன், ஒரு ஸ்பிரிங். விசையை அழுத்தினால் மோட்டார் சக்கரத்தைச் சுற்றும், சக்கரம் பிஸ்டனைப் பின்னுக்கு இழுக்கும், ஸ்பிரிங் அதை முன்னால் தள்ளும், அந்தக் காற்றில் மிளகைவிடக் கொஞ்சம் பெரிய வெள்ளைக் குண்டு பறக்கும். சைக்கிள் பம்பு தெரிந்தவனுக்கு இதுவும் தெரியும்.

துப்பாக்கியைச் சமாளிப்பது சுலபம், அதைப் பிடிக்கிறவர்களைச் சமாளிப்பதுதான் கஷ்டம். சுடவில்லை என்று ஓடி வருகிறவர்களில் பாதிப் பேர் பாதுகாப்புக் கொக்கியை விடுவிக்காதவர்கள். ஆஃப் பண்ணி ஆன் பண்ணிப் பார்த்துட்டேன் சார் என்பார் ஒருவர். அதில் ஆஃப் பண்ண ஸ்விட்சே கிடையாது, இவர் எதை ஆஃப் பண்ணினார் என்று நான் இன்றுவரை யோசிக்கிறேன். இன்னொருவர் வாய் வைத்து ஊதுவார். கீழே விழுந்த குண்டுகளை மண்ணோடு பொறுக்கித் திரும்பப் போட்டுக் குழாயை அடைத்துவிட்டு, மேட் இன் எங்கே சார் இது என்று கேட்பவர்களும் உண்டு. ஒரு மேனேஜர் வீட்டிலிருந்து தேங்காய் எண்ணெய் கொண்டுவந்து ஊற்றினார். உள்ளே இருந்த ரப்பர் ஊறிப்போய், அந்தத் துப்பாக்கி ஒரு வாரம் தும்மிக்கொண்டிருந்தது. இவர்களையெல்லாம் நான் திட்டுவேன். முதலாளி என்னைத் திட்டுவார். அதற்குப் பிறகும் நான் திட்டுவேன்.

இந்தக் கதைக்கு அவசியமான ஒரு பாகத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன். குழாய் தொடங்கும் இடத்தில் ஒரு சின்ன ரப்பர் உண்டு. அது குண்டின் உச்சந்தலையை லேசாக உரசிப் பின்பக்கமாகச் சுழலவிடும். அந்தச் சுழற்சியில்தான் குண்டு விழாமல் நேராக, தூரமாகப் போகிறது. ரப்பரை அழுத்த ஒரு திருகு இருக்கிறது. குறைவாகத் திருகினால் குண்டு பத்தடியில் படுத்துவிடும். அதிகமாகத் திருகினால் வானத்தைப் பார்த்துப் போய்விடும். சரியான இடம் நடுவில் ஒரு மயிரிழை. அந்த மயிரிழையைப் பிடிப்பதில் எனக்கு ஒரு கர்வம் உண்டு, மறைப்பானேன்.

ஆட்டத்தின் சட்டம் இன்னும் எளிது. இவ்வளவு சின்னக் குண்டு யார் மேல் பட்டது என்று எந்த நடுவராலும் பார்க்க முடியாது. பட்டவன்தான் சொல்ல வேண்டும். கையை உயர்த்தி ஹிட் என்று சொல்லிவிட்டு, மைதானத்து ஓரத்தில் போட்டிருக்கும் பெஞ்சில் போய் உட்கார வேண்டும். அதற்கு எங்கள் பெயர் செத்தவர் பெஞ்சு. மொத்த விளையாட்டும் அடிபட்டவனின் நேர்மையை நம்பி நடக்கிறது. வேலைக்காரர்களுக்குள் ஆடும்போது நான் ஒரு தடவைகூடக் கை தூக்கியதில்லை. இலை உரசியது என்பேன், சட்டைப் பொத்தான் தெறித்தது என்பேன். இவருக்குக் குண்டடி பட்டாலும் கொசு கடிச்சதுன்னுதான் சொல்வார் என்று என் மனைவி உறவில் எல்லாரிடமும் சொல்லி வைத்திருக்கிறாள். அவள் சொல்வது மைதானத்தைப் பற்றி மட்டும் இல்லை.

இப்போது கல்யாணப் பேச்சுக்கு வருகிறேன். ஜாதகம் பொருந்திவிட்டது. பையனும் என் மகளும் நாலு தடவை காபி குடித்துப் பேசி, பிடித்திருக்கிறது என்று அவரவர் வீட்டில் சொல்லிவிட்டார்கள். என் மகளுக்கு சாஃப்ட்வேரைச் சோதிக்கும் வேலை. அடுத்தவர் எழுதியதில் எங்கே தப்பு என்று கண்டுபிடிக்க அவளுக்குச் சம்பளம் தருகிறார்கள், வீட்டில் இலவசமாகவே செய்வாள். அவள் என்னிடம் வந்து நேராகச் சொன்னாள், இந்தப் பையன் எனக்கு வேண்டும், நீங்கள் கோபப்பட்டு எதையாவது கெடுத்துவிடாதீர்கள் என்று. பெற்ற மகள் இப்படிச் சொல்ல வேண்டியிருக்கிறதே என்று எனக்குச் சுருக்கென்றது. ஆனால் பயமும் வந்தது. அவள் இதற்கு முன் எதையும் எனக்கு வேண்டும் என்று கேட்டவள் இல்லை.

மாப்பிள்ளை வீட்டார் மூன்று தலைமுறையாக பெங்களூரில் இருப்பவர்கள். மாப்பிள்ளையின் அப்பா, கடைகளின் தராசுக்கும் எடைக்கல்லுக்கும் முத்திரை குத்தும் அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆயுதப் பராமரிப்பு விவகாரம் அவருக்கு உறுத்திக்கொண்டே இருந்திருக்கும். வழக்கமாகப் பெண் வீட்டைப் பார்க்க வருவார்கள். இவர், வீடு எல்லாம் ஒரே மாதிரிதான் இருக்கும், வேலை பார்க்கிற இடத்தைக் காட்டுங்கள் என்றுவிட்டார். கூடவே பையன் என் மகளுக்குப் போன் பண்ணி, எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரு ஆட்டம் ஆடிப் பார்க்க ஆசைப்படுகிறார்கள் என்று சொன்னான். அம்மா உட்பட. எங்கள் மைதானத்துக்குத் திங்கட்கிழமை விடுமுறை. முதலாளி சாவியைக் கொடுத்துவிட்டார்.

அவர்கள் பக்கம் ஏழு பேர், எங்கள் பக்கம் ஏழு பேர் என்று பேச்சு. ஞாயிற்றுக்கிழமை பகல் முழுக்க நான் பட்டறை மேசையில் உட்கார்ந்து யோசித்தேன். பெண் வீட்டார் மாப்பிள்ளையின் அப்பாவைச் சுடுவதை எந்த ஊரில் பார்த்திருக்கிறோம்? என் கல்யாணத்தின்போது என் மாமனார் என் அப்பாவிடம் கேரம் ஆட்டத்தில்கூடத் தோற்றார். சிவப்புக் காயைக் குழிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு தவறவிட்டார். அவர் கை நடுங்காத மனிதர், எனக்குத் தெரியும். பந்தியில் அவர்கள் முதலில், நாம் கடைசியில். பந்தலில் அவர்களுக்கு நாற்காலி, நமக்கு நிற்கிற வேலை. துப்பாக்கிக்கு மட்டும் தனிச் சட்டமா?

ஆகவே ஏழு துப்பாக்கிக்குப் புது ஸ்பிரிங் போட்டேன். குழாயைத் துணி சுற்றிய கம்பியால் இழுத்துத் துடைத்தேன். சிலிக்கான் எண்ணெய் ஒரே சொட்டு. திருகு மயிரிழையில். அவற்றுக்குச் சிவப்பு டேப் சுற்றினேன். அது சம்பந்தி பக்கம். மற்ற ஏழுக்கு, தளர்ந்துபோன பழைய ஸ்பிரிங்கைத் தேடி எடுத்து மாட்டினேன், திருகைக் கடைசி வரை முறுக்கினேன், நீல டேப் சுற்றினேன். இதைச் செய்தபோது எனக்கு வெட்கமாக இல்லை. ரொம்பப் பெருமையாக இருந்தது. ஒரு தகப்பன் செய்ய வேண்டிய சீர்களில் ஒன்றை முடித்துவிட்ட நிம்மதியோடு வீட்டுக்குப் போனேன்.

திங்கட்கிழமை காலையில் வந்தார்கள். என் மனைவி பெரிய தூக்கில் கேசரியும் போண்டாவும் கொண்டுவந்திருந்தாள். சம்பந்தி தூக்கைப் பார்த்து மரியாதையாகக் கும்பிட்டு, பேச்சு முடிவாகாமல் நாங்கள் கை நனைக்கிறதில்லை என்றார். அது சரியான வழக்கம்தான். சம்மதம் என்றால்தான் பெண் வீட்டில் தண்ணீர்கூட. என் மனைவி தூக்கை மூடி நிழலில் வைத்தாள். அன்று முழுக்க அவள் கண் அந்தத் தூக்கின் மேலேயே இருந்தது.

பட்டுப்புடவைக்கு மேல் பாதுகாப்புச் சட்டையும் முகமூடியும் மாட்டிக்கொண்டு மாப்பிள்ளையின் அம்மா நின்ற கோலத்தை நான் சாகும்வரை மறக்க மாட்டேன். கொசுவத்தை இழுத்துச் செருகிக்கொண்டு, துப்பாக்கியை இடுப்பில் குடம் மாதிரி வைத்துக்கொண்டார். நான் சட்டங்களைச் சொன்னேன். பட்டால் கை தூக்கி ஹிட் சொல்ல வேண்டும், செத்தவர் பெஞ்சில் போய் உட்கார வேண்டும் என்றதும் அந்த அம்மா கையைக் காட்டி நிறுத்தினார். நல்ல காரியம் பேச வந்த இடத்தில் செத்தவர் என்ற வார்த்தை கூடாது என்றார். ஹிட் என்பதும் அவருக்குப் பிடிக்கவில்லை. இரண்டு வீட்டுப் பெண்களும் கூடிப் பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். குண்டு பட்டவர் கை தூக்கி, போயிட்டு வரேன் என்று சொல்ல வேண்டும். மற்றவர்கள், நல்லபடியா போயிட்டு வாங்க என்று சொல்ல வேண்டும். பெஞ்சில் ஒரு ஜமுக்காளம் விரிக்கப்பட்டது.

மணி அடித்தேன். எங்கள் பக்கம் சுட்ட முதல் குண்டு நீலகிரி மரத்தின் உச்சிக்குப் போனது. இரண்டாவதும் போனது. ஏழு பேரும் சேர்ந்து சுட ஆரம்பித்ததும் மரத்திலிருந்து இலை கொட்டியது, இரண்டு காக்கா கத்திக்கொண்டு பறந்தன. என் மச்சான், அதாவது மனைவியின் தம்பி, பருத்த உடம்பு. டிரம்முக்குப் பின்னால் பாதிதான் மறைந்தார். மறையாத பாதியில் சம்பந்தியம்மா வரிசையாக ஐந்து குண்டு வைத்தார். போயிட்டு வரேன் என்று மச்சான் கை தூக்க, நல்லபடியா போயிட்டு வாங்க தம்பி என்று அந்த அம்மாவே வழியனுப்பினார். நாலே நிமிஷம். எங்கள் ஏழு பேரும் ஜமுக்காளத்தில் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். அவர்கள் பக்கம் ஒருவர்கூட அங்கே வரவில்லை. நான் மணி தொங்கும் மேடையில் நின்று கைதட்டினேன். பலமாகவே தட்டினேன்.

சம்பந்தி முகமூடியைக் கழற்றினார். சிரிப்பில்லை. நேராக என் மேசைக்கு வந்து, கீழே குனிந்து, எங்கள் பக்கத்துத் துப்பாக்கி ஒன்றை எடுத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அப்புறம் சொன்னார்:

"முப்பத்தோரு வருஷம் தராசு பார்த்தவன் நான். தப்புன்னா நாலா பக்கமும் இருக்கும் சம்பந்தி. ஒண்ணு மேல போகும், ஒண்ணு கீழ போகும். ஏழு பேர் சுட்டு ஏழும் மேலயே போனா அது தப்பு இல்ல. யாரோ தட்டுல விரல் வெச்சிருக்காங்க."

நான் சும்மா இருந்திருக்கலாம். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்லியிருக்கலாம். நான் என்ன சொன்னேன் தெரியுமா? தோப்புப் பக்கம் காற்று அடிக்கிறது என்றேன். மரத்தில் ஓர் இலைகூட அசையவில்லை. எங்கள் மகள் பெஞ்சிலிருந்து எழுந்து வந்தாள். அவள் என் முகத்தைப் பார்க்காமல் சம்பந்தியிடம்தான் பேசினாள்.

"எங்கப்பா கை வெச்ச துப்பாக்கி ஒண்ணு கெட்டுப்போகலாம் அங்கிள். ஏழு ஒரே மாதிரி கெடாது. அவரேதான் பண்ணியிருக்கார், நீங்க ஜெயிக்கணும்னு." பிறகு என் பக்கம் திரும்பினாள். "என்னைக் கேட்காம ஏம்ப்பா என்னைத் தோக்க வெச்சீங்க? இன்னிக்கே தோக்க ஆரம்பிச்சா அப்புறம் நான் எப்ப நிறுத்துறது?"

பதில் வராதபோது எனக்குக் கோபம் வரும், அது என் பிறவிக் குணம். மரியாதை தெரியாதவர்களுக்கு மரியாதை செய்தது என் தப்பு என்று ஆரம்பித்தேன். பெண் வேண்டாம் என்றால் சொல்லிவிட்டுப் போகலாம் என்பது அடுத்த வாக்கியமாக நாக்கு நுனியில் இருந்தது. மனைவி என் கையைப் பிடித்தாள். பிடித்தாள் என்பதைவிட நகத்தை அழுத்தினாள் என்பது சரி. நான் வாயை மூடினேன். என் மகளின் வாழ்க்கை அந்த ஒரு வாக்கியத்துக்கு இந்தப் பக்கம் நின்றது.

சம்பந்திக்கும் கோபம்தான். ஆனால் அவர் கோபம் வேறு ஜாதி. எங்களைத் தோற்கத் தெரியாதவர்கள் என்று நினைத்துவிட்டீர்களா என்று மெதுவாகக் கேட்டார். பிறகு சட்டைப் பையிலிருந்து ஒரு சின்ன நோட்டையும் பேனாவையும் எடுத்தார்.

"பதினாலையும் மேசைல வைங்க. ஒண்ணுக்கொண்ணு சரியா இருக்கணும். நான் ஸ்வல்பம் பார்த்துக்கறேன். அப்புறம் ஆடலாம். அதுக்கப்புறம்தான் பேச்சு."

இரண்டு குடும்பமும் சுற்றி நிற்க, நான் என் சொந்தத் திருட்டை நானே பிரிக்க உட்கார்ந்தேன். ஸ்பிரிங்கை வெளியே எடுக்கும்போது அது தாவி ஓடும், அதற்காகத் துணிப்பைக்குள் கை விட்டுத் திறப்பேன். சம்பந்தியம்மா, பிரசவம் மாதிரி இருக்கே என்றார். யாரும் சிரிக்கவில்லை. ஏழுக்கும் நல்ல ஸ்பிரிங் போட்டேன். திருகை ஒவ்வொன்றாகத் தளர்த்தி, தூரத்தில் தொங்கவிட்ட தகரத்தைச் சுட்டு, நடுவுக்குக் கொண்டுவந்தேன். பிறகு குண்டின் வேகத்தைக் காட்டும் சின்ன மீட்டர் வழியாக ஒவ்வொரு துப்பாக்கியிலும் மூன்று முறை சுட வேண்டும் என்றார் சம்பந்தி. மூன்றையும் எழுதிக் கூட்டி வகுத்தார். மீட்டரையே முதலில் சந்தேகப்பட்டார். அதற்கு முத்திரை இருக்கிறதா என்று கேட்டார். இல்லை என்றேன். பெருமூச்சு விட்டு, இருக்கிறதை வைத்துப் பார்ப்போம் என்றார்.

பதிமூன்று சரியாக வந்தது. ஒன்பதாம் நம்பர் மட்டும் வரவில்லை. ஒரு முறை சரியாகச் சுட்டால் மறுமுறை சோர்ந்து சுட்டது. அது நான் செய்த கோளாறு இல்லை, அசல் கோளாறு. சத்தியமாகச் சொன்னேன், யாரும் நம்பவில்லை. நேற்று திருடியவன் இன்று சத்தியம் செய்தால் அப்படித்தான். வெயில் ஏறியது. போண்டா ஆறியிருக்கும் என்று மனைவி தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். நான் ஒன்பதைத் திறந்து பேட்டரி இணைப்பைப் பார்த்தேன், சரி. மோட்டார் சத்தம் சரி. பல்சக்கரம் சரி. பிஸ்டனை உருளைக்குள் விட்டு முனையை விரலால் அடைத்துத் தள்ளினேன். காற்று நிற்க வேண்டும், ஒரு தடவை நின்றது, ஒரு தடவை புஸ்ஸென்று போனது. பிஸ்டன் தலையில் இருக்கும் ரப்பர் வளையம் ஒரு பக்கம் தேய்ந்திருந்தது. மாற்ற வளையம் கைவசம் இல்லை.

நீலத்தில் ஒன்று மெதுவாக இருந்தால் என்ன, அதை நானே எடுத்துக்கொள்கிறேன் என்றாள் என் மகள். சம்பந்தி ஒப்புக்கொள்ளவில்லை. அவர் எழுந்து தன் காருக்குப் போனார். கோபித்துக்கொண்டு போகிறார் என்றே நினைத்தோம். என் மனைவி முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள். அவர் டிக்கியைத் திறந்து, ஒரு பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தார். உள்ளே ஆணி, வாஷர், ஃபியூஸ் கம்பி, ஓய்வு பெற்றவர்கள் சேர்த்து வைக்கும் சகலமும் இருந்தன. அதிலிருந்து குழாய்க்குச் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை எடுத்து நீட்டினார். வளையத்துக்கு அடியில் இரண்டு சுற்று சுற்றினால் உப்பி நிற்குமா என்று கேட்டார். அந்த யோசனை எனக்கு வந்திருக்க வேண்டும். ஒன்றரைச் சுற்று போதும் என்றேன், என் மானத்தைக் காப்பாற்ற. அவர் டார்ச்சைப் பிடித்தார், நான் சுற்றினேன். உருளைக்குள் விட்டுத் தள்ளினேன். காற்று நின்றது. அவர் தானும் ஒரு முறை விரலை வைத்துப் பார்த்தார். முகத்தில் ஒரு குழந்தைச் சந்தோஷம் வந்து, உடனே அதை மறைத்துக்கொண்டு நோட்டில் ஒன்பது என்று எழுதி டிக் போட்டார்.

பதினாலையும் ஒரு தார்ப்பாயில் கலைத்துப் போட்டோம். சிவப்பு, நீல டேப்பெல்லாம் பிய்த்தாயிற்று. கண்ணை மூடிக்கொண்டு ஆளுக்கொன்று எடுத்தார்கள். மணி அடித்தேன்.

இந்தத் தடவை நாலு நிமிஷத்தில் முடியவில்லை. அரைமணி நேரம் ஓடியது. என் மச்சான் இரண்டு பேரை வழியனுப்பிவிட்டுத்தான் போனார். பையன் என் மகளைக் குறிபார்த்துத் தயங்கினான், அவள் தயங்கவில்லை. போயிட்டு வரேன் என்று அவன் சிரித்துக்கொண்டே போய் ஜமுக்காளத்தில் உட்கார்ந்தான். சம்பந்தியம்மா டயர் அடுக்குக்குப் பின்னாலிருந்து கடைசிவரை போராடி, புடவை தடுக்கி, விழுந்த இடத்திலிருந்து இன்னும் ஒருவரைச் சுட்டுவிட்டு, அப்புறம்தான் மாட்டினார். கடைசியில் மைதானத்தில் இரண்டே பேர். இந்தப் பக்கம் என் மகள், அந்தப் பக்கம் சம்பந்தி.

அவள் மரத்துக்குப் பின்னாலிருந்து இரண்டு குண்டு சுட்டாள். சுட்டதும் குண்டு தீர்ந்துவிட்டது, திரும்பி உட்கார்ந்து நிரப்ப ஆரம்பித்தாள். பெஞ்சில் இருந்தவர்களின் பார்வையை ஒரு தகர டிரம் மறைத்தது. நான் மேடையில் இருந்ததால் எனக்கு மட்டும் தெரிந்தது. இரண்டாவது குண்டு சம்பந்தியின் இடுப்புக்குப் பின்னால், சட்டை தொங்கும் இடத்தில் பட்டு விழுந்தது. சத்தமே இல்லை. அவர் அசையாமல் நின்றார். பெஞ்சைப் பார்த்தார், ஒருவரும் கவனிக்கவில்லை. என் மகளைப் பார்த்தார், அவள் முதுகு மட்டும் தெரிந்தது. மேடைப் பக்கம் அவர் பார்க்கவில்லை. நானாக இருந்தால் அந்த இடத்தில் என்ன சொல்வேன் என்று எனக்கு நன்றாகத் தெரியும். இலை உரசியது.

அவர் வலது கையை நேராக மேலே தூக்கினார்.

"போயிட்டு வரேன்மா" என்றார்.

பெஞ்சில் இருந்தவர்கள் பழக்க தோஷத்தில், நல்லபடியா போயிட்டு வாங்க என்றார்கள். அவர் நடந்து வந்து தன் மகன் பக்கத்தில் உட்கார்ந்தார். முகத்தைத் துடைத்துக்கொண்டார். பிறகு என் மனைவியைப் பார்த்து, அந்தக் கேசரி இன்னும் இருக்கா என்று கேட்டார். அவள் தூக்கைத் திறந்த வேகத்தில் மூடி உருண்டு டயருக்குள் போனது. என் மகள் முகமூடியைக் கழற்றாமலே அழுததாகப் பையன் பிறகு சொன்னான். முகூர்த்த நாள் குறித்தது அந்தச் செத்தவர் பெஞ்சில்தான். தை மாதத்தில் ஒரு நாள், எட்டிலிருந்து ஒன்பதரைக்குள். அவர் நோட்டில் பதினாலு துப்பாக்கியின் கணக்குக்குக் கீழேயே அதையும் எழுதினார். வாயில் கேசரியோடு, ஒன்பதாம் நம்பருக்கு நல்ல வளையம் வாங்கிப் போடுங்கள், டேப்பு ரொம்ப நாள் தாங்காது என்று எனக்கு உத்தரவும் போட்டார்.

அவர்கள் போன பிறகு வழக்கம்போல ஒவ்வொரு துப்பாக்கியிலும் பேட்டரியைக் கழற்றும் முன் குண்டில்லாமல் ஒரு முறை சுட்டேன். உள்ளே ஸ்பிரிங் இழுபட்ட நிலையில் நின்றுவிட்டால் நாளடைவில் தளர்ந்துபோகும், அதற்காகத்தான். பதினாலு தடவை. என் மகள் பக்கத்தில் நின்று ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுத்தாள். நான் செய்தது தப்பு என்று அவளிடம் சொல்ல வாய் வரவில்லை. அவளும் கேட்கவில்லை.

கல்யாணம் நல்லபடியாக நடந்தது. அவர்கள் முதல் பந்தியில் எங்களையும் இழுத்து உட்கார வைத்துவிட்டார்கள். மதியம் மண்டபத்து வாசலில் கார் வந்து நின்றது. நான் காலையிலிருந்தே எல்லாரிடமும், எனக்கு ஒன்றுமில்லை, இதே ஊரில்தானே இருக்கப்போகிறாள், இதற்கு யாராவது அழுவார்களா என்று சொல்லிக்கொண்டிருந்தேன். கண் சிவந்ததற்கு ஹோமப்புகை என்றேன். ஹோமம் முடிந்து நாலு மணி நேரம் ஆகியிருந்தது. அவள் அம்மாவிடம் சொல்லிக்கொண்டாள், மாமாவிடம் சொல்லிக்கொண்டாள், காரில் ஏறிக் கண்ணாடியை இறக்கி என்னைப் பார்த்தாள். என்னப்பா, புகையா என்று கேட்டாள்.

நான் வலது கையை நேராக மேலே தூக்கினேன். பின்னால் நின்றவர்கள் டாட்டா காட்டுகிறேன் என்று நினைத்துத் தாங்களும் ஆட்டினார்கள். நான் ஆட்டவில்லை. அவளுக்குத் தெரியும். கார் முனை திரும்பி மறையும்வரை கையை இறக்காமல் நின்றேன்.